"அதான் சரியாயிடுச்சே... இன்னும் என்ன?" - மஜ்ஜை மாற்று சிகிச்சைக்குப் பின் சொல்லாமல் விடப்படும் தொந்தரவுகள்

ரத்தப் புற்றுநோய்க்கு எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சை செய்துகொண்டு வீடு திரும்பியவரைப் பார்க்கப் போகிறவர்கள் எல்லோரும் தவறாமல் சொல்லும் வாக்கியம் ஒன்று உண்டு. "அதான் ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சு சரியாயிடுச்சே!" முதல் வருடம் கேட்கும்போது இது ஆறுதல். மூன்றாவது வருடமும் கேட்டால், "எனக்கு இன்னும் முடியலை" என்று சொல்லவந்த வாயை அது அடைத்துவிடும்.

முதலில் ஒரு விஷயம். இது ஆபரேஷனே இல்லை தோழிகளே. கத்தி கிடையாது, தையல் கிடையாது. நோயாளியின் கெட்டுப்போன மஜ்ஜையை கடுமையான கீமோ கொடுத்து (சிலருக்குக் கதிர்வீச்சும் சேர்த்து) காலி செய்கிறார்கள். பிறகு தானம் கொடுத்தவரின் ஸ்டெம் செல்களை, ரத்தம் ஏற்றுவது மாதிரியே ஒரு பையில் தொங்கவிட்டு ஏற்றுகிறார்கள். அந்தச் செல்கள் தாமாகவே எலும்புக்குள் போய் உட்கார்ந்து புது ரத்தத்தை உற்பத்தி செய்ய ஆரம்பிக்கும். பார்க்க இவ்வளவு சாதாரணமாக இருக்கும் ஒரு பைக்குப் பின்னால்தான், பல வருடங்களுக்கு நீளக்கூடிய இன்னொரு கதையும் வருகிறது.

என் பெரியம்மாவுக்கு நான்கு வருடங்களுக்கு முன்பு இந்த சிகிச்சை நடந்தது. அப்போது அவருக்கு 48 வயது. திண்டுக்கல் பக்கம் ஊர். தானம் கொடுத்தது அவருடைய தம்பி, எனக்கு மாமா. கூடப்பிறந்தவர்கள் முழுமையாகப் பொருந்த நான்கில் ஒரு பங்குதான் வாய்ப்பு. மாமா பொருந்தினார். ஓ பாசிட்டிவ் ஆக இருந்த பெரியம்மாவின் ரத்தம், சில மாதங்களில் மாமாவுடையதைப்போல பி பாசிட்டிவ் ஆகிவிட்டது. "இனிமே கோவம் வந்தா என்னைச் சொல்லாதீங்க, அது இவன் ரத்தம்" என்று பெரியம்மா எல்லோரையும் சிரிக்க வைப்பார். புற்றுநோய் இன்றுவரை திரும்பவில்லை. அந்த வகையில் இது வெற்றிக் கதைதான்.

ஆனால், அவர் இன்றும் தினமும் பதினோரு மாத்திரை சாப்பிடுகிறார்.

வந்த விருந்தாளி வீட்டையே எதிரியாக நினைத்தால்...

இதற்கு மருத்துவப் பெயர் கிராஃப்ட் வெர்சஸ் ஹோஸ்ட் டிசீஸ். சுருக்கமாக ஜி.வி.ஹெச்.டி. கிட்னி, கல்லீரல் மாற்றிக்கொண்டவர்களுக்கு உடம்பு புது உறுப்பை நிராகரிக்கும் என்று கேள்விப்பட்டிருப்போம். இங்கே நடப்பது தலைகீழ். மாற்றப்பட்டதே நோய் எதிர்ப்பு மண்டலம்தான். புதிதாக வந்த எதிர்ப்புச் செல்கள் சுற்றிலும் பார்க்கின்றன. தோல், கண், வாய், கல்லீரல், நுரையீரல் என எல்லாமே அவற்றுக்கு அந்நியம். கிருமியைத் தாக்குவதுபோல அவற்றைத் தாக்கத் தொடங்குகின்றன.

ஆரம்ப மாதங்களில் தோல் தடிப்பு, வயிற்றுப்போக்கு, மஞ்சள் காமாலை என்று வருவது ஒரு வகை. அந்தச் சமயத்தில் நோயாளி பெரும்பாலும் மருத்துவமனைக்குப் பக்கத்திலேயே தங்கியிருப்பார், வாரா வாரம் பார்ப்பார்கள். நான் சொல்லவருவது அதற்குப் பிறகு வரும் நாள்பட்ட வகை. பெரும்பாலும் மூன்றாவது மாதத்துக்குப் பிறகு, இரண்டு மூன்று வருடங்களுக்குள் தலைகாட்டும். பிறரிடம் தானம் பெற்றவர்களில் ஏறக்குறைய 30 முதல் 50 சதவிகிதம் பேருக்கு ஏதோ ஓர் அளவில் இது வருகிறது. தன்னுடைய செல்களையே எடுத்துத் திரும்ப ஏற்றிக்கொள்ளும் முறையில் (மல்டிபிள் மைலோமாவுக்கு அப்படித்தான் பெரும்பாலும் செய்கிறார்கள்) இந்தப் பிரச்னை பொதுவாக வருவதில்லை.

இதில் ஒரு விசித்திரம் இருக்கிறது. உடம்பைத் தாக்கும் அதே செல்கள்தான் மிச்சமிருக்கும் புற்றுநோய்ச் செல்களையும் தேடிப் பிடித்து அழிக்கின்றன. லேசாக ஜி.வி.ஹெச்.டி வந்தவர்களுக்குப் புற்றுநோய் திரும்பும் வாய்ப்பு குறைவு என்பது ஆய்வுகளில் தெரிந்த விஷயம். அதனால் மருத்துவர்களும் அதை முழுசாக அணைக்காமல், அடுப்பை சிம்மில் வைப்பதுபோலத்தான் வைக்கப் பார்க்கிறார்கள்.

இது மாமாவுக்கு ரொம்ப நாள் புரியவில்லை. "என் ரத்தம்தானே அக்காவைப் போட்டுக் கடிக்குது?" என்று ஒருமுறை கேட்டார். அவர் முகம் இன்னும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. வீட்டில் இப்படி ஒருவர் இருந்தால் அவரையும் கொஞ்சம் கவனியுங்கள். தானம் கொடுத்தவர் மனசில் இந்தக் கேள்வி ஓடிக்கொண்டிருக்கும். அந்தச் செல்கள்தான் அக்காவின் புற்றுநோயைக் காவல் காக்கின்றன என்று டாக்டர் விளக்கிய பிறகுதான் அவர் கொஞ்சம் இயல்பானார்.

கண்ணீர் வராத கண்

பெரியம்மாவுக்கு முதலில் வந்தது வாய்ப்புண். கன்னத்தின் உட்புறம் வெள்ளை வெள்ளையாகக் கோடு விழுந்தது. மிளகாய் பட்டால் தீ. ரசத்தில் மிளகு கூடாது, ஊறுகாய் கூடாது, முறுக்கு மாதிரி மொறுமொறுப்பானது கீறிவிடும். டூத் பேஸ்ட்டில் இருக்கும் புதினா கூட எரியும். இதற்கு நர்ஸ் சொன்ன வழி எளிமையானது. குழந்தைகளுக்கான பேஸ்ட், அதுவும் ஃப்ளூரைடு இருக்கிறதா என்று பார்த்து வாங்கச் சொன்னார். எச்சில் குறைந்துவிட்டால் பல் சீக்கிரம் சொத்தையாகும், அதனால் ஃப்ளூரைடு முக்கியம். வாயில் வைத்துக் கொப்பளிக்க ஸ்டீராய்டு கலந்த மருந்தும் கொடுத்தார்கள்.

சமையலில் பெரியப்பா புகுந்தது அப்போதுதான். ஹார்டுவேர் கடை வைத்திருக்கும் மனிதர், அதுவரை அடுப்பைப் பற்ற வைத்ததில்லை. தேங்காய்ப்பால் இடியாப்பம், காரமில்லாத கூட்டு, நெய் விட்ட பருப்பு சாதம் என்று கற்றுக்கொண்டார். இனிப்பாகக் கொடுத்துச் சமாளிக்கலாம் என்றால் அதுவும் முடியாது, ஸ்டீராய்டால் சர்க்கரை ஏறியிருந்தது. வீட்டுக்கு வருகிறவர்கள் அல்வா வாங்கி வருவதை நிறுத்தவே ஒரு வருடம் ஆனது.

அடுத்தது கண். கண்ணீர்ச் சுரப்பிகளும் தாக்கப்படும். மணல் விழுந்ததுபோல உறுத்தல், வெளிச்சம் பார்த்தால் கூச்சம், ஃபேன் காற்று நேராகப் பட்டால் எரிச்சல். தாளிப்பு நெடி வந்தால் பெரியம்மா எழுந்து அடுத்த அறைக்குப் போய்விடுவார். பிரிசர்வேட்டிவ் கலக்காத சொட்டு மருந்தை ஒரு நாளைக்கு எட்டு, பத்து முறை விட வேண்டியிருக்கும். பக்கவாட்டிலும் மூடியிருக்கும் கண்ணாடி நிறைய உதவும். அதிலும் கேட்காவிட்டால் கண்ணீர் வடியும் துவாரத்தை அடைப்பது, நோயாளியின் ரத்தத்திலிருந்தே சொட்டு மருந்து தயாரிப்பது, ஸ்கிளீரல் லென்ஸ் பொருத்துவது என்று அடுத்தடுத்த வழிகள் இருக்கின்றன. வெறும் 'கண் எரிச்சல்' என்று மருந்துக்கடையில் ஏதோ ஒரு சொட்டு வாங்கி விட்டுக்கொண்டிருந்தால் கருவிழியே புண்ணாகலாம்.

போன வருடம் என் பாட்டி இறந்துபோனார். பெரியம்மா பாட்டியின் தலைமாட்டில் உட்கார்ந்து நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதார். குரல் உடைந்தது, உடம்பு குலுங்கியது, கண்ணில் ஒரு சொட்டு இல்லை. துஷ்டி கேட்க வந்த பெண்கள் இரண்டு பேர் வாசலில் பேசிக்கொண்டது என் காதில் விழுந்தது. "பெத்த தாய்க்கு ஒரு சொட்டுக் கண்ணீர் விடலையே, கல் மனசுதான்." நான் எழுந்து போய் விளக்கம் சொன்னேன். அவர்கள் தலையாட்டினார்கள். நம்பினார்களா என்று தெரியாது. பெரியம்மா அன்று இரவு என்னிடம் கேட்டது இதைத்தான்: "பாப்பா, அந்தச் சொட்டு மருந்தை விட்டுக்கிட்டு அழுதிருக்கலாமோ?"

படியில் நின்ற மூன்று மாதம்

இந்தப் பத்தியை நான் எழுதக் காரணம் கண்ணும் வாயும் இல்லை. பெரியம்மா சொல்லாமல் விட்ட ஒன்று.

சிகிச்சை முடிந்து ஒன்றரை வருடம் இருக்கும். அவர் வீட்டு மாடிப்படியில் ஏறும்போது பாதியில் நிற்க ஆரம்பித்தார். யாராவது பார்த்தால் குனிந்து செருப்பைச் சரிசெய்வதுபோல் நடிப்பார். லேசான வறட்டு இருமல். காய்ச்சல் இல்லை, சளி இல்லை. மூன்று மாதம் யாரிடமும் வாய் திறக்கவில்லை. மகளுக்கு அப்போது ஏழாம் மாதம். வளைகாப்பு, பிரசவம் என்று வீடு பரபரப்பாக இருந்தது. அடுத்த செக்கப்பில் நுரையீரல் திறனை அளக்கும் ஊதும் பரிசோதனை செய்தபோது, ஒரு விநாடியில் வெளியேற்றும் காற்றின் அளவு 88 சதவிகிதத்திலிருந்து 56-க்கு இறங்கியிருந்தது.

நுரையீரலின் மிகச் சிறிய காற்றுக்குழாய்கள் தாக்கப்பட்டு, தழும்பாகி, சுருங்கிப்போவதை பிராங்கியோலைட்டிஸ் ஆப்ளிட்டரன்ஸ் என்கிறார்கள். நாள்பட்ட ஜி.வி.ஹெச்.டி-யில் மருத்துவர்கள் ரொம்பவே பயப்படும் கட்டம் இது. தோல் கறுத்தால் மாறலாம், வாய்ப்புண் ஆறலாம். தழும்பான காற்றுக்குழாய் பெரும்பாலும் பழைய நிலைக்குத் திரும்புவதில்லை. இருப்பதைக் காப்பாற்றலாம், அவ்வளவுதான். மூச்சு வாங்குவதை நோயாளி உணரும் முன்பே இந்த அளவு குறையத் தொடங்கிவிடும் என்பதால்தான், முதல் இரண்டு மூன்று வருடங்களுக்குச் சில மாதங்களுக்கு ஒருமுறை ஊதிப் பார்க்கச் சொல்கிறார்கள். 'நல்லாத்தானே இருக்கேன், எதுக்கு இவ்வளவு தூரம் பஸ் ஏறிப் போய் ஊதணும்' என்று தள்ளிப்போடுவது நம் வீடுகளில் சகஜம்.

ஏன் சொல்லவில்லை என்று பெரியம்மாவிடம் நான் கேட்டேன். கோபமாகத்தான் கேட்டேன்.

"என்னன்னு சொல்றது பாப்பா? தம்பி ரத்தம் குடுத்தான். உங்க பெரியப்பா கடையை அடமானம் வெச்சாரு. ஊரே கோயில்ல விளக்கு போட்டுச்சு. இத்தனையும் செஞ்சு உசுர மீட்டுக் குடுத்தவங்ககிட்ட போயி, இன்னும் இங்க நோவுது, அங்க நோவுதுன்னா நல்லாவா இருக்கும்? உசுரு இருக்குல்ல, போதும்னு இருந்துட்டேன்."

நன்றிக்கடன் என்று நாம் உயர்வாகச் சொல்கிற ஒன்று, ஒரு பெண்ணின் நுரையீரலில் மூன்றில் ஒரு பங்கை எடுத்துக்கொண்டு போயிருக்கிறது. இதை எழுதும்போதும் எனக்கு ஆத்திரமாகத்தான் இருக்கிறது. அவர்மேல் இல்லை. உடம்பைப் பற்றிப் பேசினாலே 'புலம்பல்' என்று பெயர் வைத்துவிடுகிற நம் பழக்கத்தின்மேல்.

அமெரிக்க எழுத்தாளர் சுலைகா ஜவாத் தன் 22 வயதில் ரத்தப் புற்றுநோய்க்கு ஆளானவர். தம்பியிடமிருந்து மஜ்ஜை பெற்றார். 2021-ல் வெளிவந்த 'பிட்வீன் டூ கிங்டம்ஸ்' என்ற அவர் புத்தகம், சிகிச்சை முடிந்த பிறகுதான் உண்மையான கஷ்டம் தொடங்கியது என்பதைப் பற்றிப் பக்கம் பக்கமாகப் பேசுகிறது. நோயாளி என்ற அடையாளமும் இல்லை, ஆரோக்கியமானவர் என்றும் சொல்ல முடியாது, நடுவில் ஓர் இடம். பெரியம்மாவுக்கு அந்தப் புத்தகத்தைப் பற்றிச் சொன்னேன். "அந்தப் புள்ளைக்கும் தம்பிதானா?" என்று மட்டும் கேட்டார்.

இந்த சிகிச்சை இந்தியாவில் முதன்முதலில் நடந்தது 1983-ல், மும்பை டாடா நினைவு மருத்துவமனையில். 1986-ல் வேலூர் சி.எம்.சி-யில் தொடங்கினார்கள். இந்த சிகிச்சையை உருவாக்கிய அமெரிக்க மருத்துவர் டோனல் தாமஸுக்கு நோபல் பரிசு கிடைத்தது 1990-ல். உயிர் பிழைப்பாரா என்பதே கேள்வியாக இருந்த காலத்தில் கண் உலர்வதையும் வாய் எரிவதையும் யாரும் பெரிதாகப் பேசியிருக்க மாட்டார்கள். இன்று பிழைத்து ஐந்து, பத்து, இருபது வருடங்கள் வாழ்கிறவர்கள் நிறையவே இருக்கிறார்கள். அவர்கள் எப்படி வாழ்கிறார்கள் என்று கேட்க வேண்டிய காலம் இது.

டாக்டரிடம்கூட சொல்லத் தயங்குவது

பெண்களுக்கு மட்டும் ஒரு விஷயம். ஆண்களும் படிக்கலாம், படித்தால் நல்லது.

கண், வாய் உலர்வதைப்போலவே பிறப்புறுப்பின் தோலும் இந்த நோயால் உலர்ந்து, எரிந்து, புண்ணாகும். கவனிக்காமல் விட்டால் பிறப்புறுப்புப் பாதையில் ஒட்டுதல் ஏற்பட்டுச் சுருங்கிப்போகலாம். இதோடு, மாற்று சிகிச்சைக்கு முன் கொடுக்கும் கீமோவால் பல பெண்களுக்கு மாதவிடாய் ஒரேயடியாக நின்றுவிடும். 25 வயதிலும் நிற்கும், 45 வயதிலும் நிற்கும். தாம்பத்யம் வலியாக மாறும்போது, 'உயிர் பிழைச்சதே பெருசு, இதை எப்படிக் கேட்பது' என்று பெண்கள் பேசாமல் இருந்துவிடுகிறார்கள். கணவருக்கோ காரணம் தெரியாது. மனைவி தன்னை வெறுப்பதாக நினைத்துக்கொள்கிற கணவர்களும் உண்டு.

இதற்கு மருந்து இருக்கிறது. ஸ்டீராய்டு க்ரீம், ஹார்மோன் க்ரீம், சுருக்கத்தைத் தடுக்கும் டைலேட்டர் என்று நிலைக்கு ஏற்பக் கொடுப்பார்கள். ரத்தநோய் மருத்துவர் தானாகக் கேட்காவிட்டால் நீங்கள் கேளுங்கள்: "மகப்பேறு மருத்துவரிடம் என்னை அனுப்ப முடியுமா?" இந்த ஒரு வரி போதும், மற்றதை அந்தப் பெண் மருத்துவரிடம் பேசிக்கொள்ளலாம். என் பெரியம்மாவிடம் இதை நான் கேட்கவில்லை. அவரும் என்னிடம் சொல்லவில்லை. ஆனால் இந்தப் பத்தியின் முதல் வரைவை அவருக்குப் படித்துக்காட்டியபோது, இந்த இடத்தில் "அதை எடுத்துடாதே" என்றார்.

மருந்தோடு வாழும் நாள்கள்

நாள்பட்ட ஜி.வி.ஹெச்.டி-க்கு முதல் மருந்து ஸ்டீராய்டு. பிரட்னிசோலோன் மாத்திரை. வேலை செய்யும், விலையும் குறைவு. ஆனால் மாதக்கணக்கில் சாப்பிட்டால் முகம் உப்பும், சர்க்கரை ஏறும், எலும்பு தேயும், கண்ணில் புரை வரும், தூக்கம் கெடும், எரிச்சல் வரும். தொடைத் தசை வலுவிழந்து தரையில் உட்கார்ந்தால் எழ முடியாது. விசேஷ வீட்டுப் பந்தியில் நாற்காலி கேட்பதற்குப் பெரியம்மா முதலில் ரொம்பக் கூச்சப்பட்டார். இடுப்பிலோ தொடை இடுக்கிலோ வலி வந்தால் 'வயசாச்சு, மூட்டுவலி' என்று தைலம் தேய்த்துக்கொண்டிருக்க வேண்டாம். ஸ்டீராய்டால் இடுப்பு எலும்புக்கு ரத்த ஓட்டம் குறைந்து எலும்பு சிதையலாம். எம்.ஆர்.ஐ எடுத்தால்தான் ஆரம்பத்திலேயே தெரியும்.

இன்னொரு எச்சரிக்கை. முகம் உப்பியிருக்கிறதே என்று ஸ்டீராய்டைத் தாமாக நிறுத்துகிறவர்கள் இருக்கிறார்கள். கூடவே கூடாது. நீண்ட நாள் சாப்பிட்டவர் திடீரென நிறுத்தினால் ரத்த அழுத்தம் இறங்கி உயிருக்கே ஆபத்தாகலாம். படிப்படியாக டாக்டர்தான் குறைக்க வேண்டும்.

ஸ்டீராய்டு கேட்காதவர்களுக்கு இப்போது வேறு வழிகள் வந்துவிட்டன. அமெரிக்காவில் 2017-ல் இப்ருடினிப், 2021-ல் ருக்ஸோலிடினிப், பெலுமோசுடில் ஆகிய மருந்துகளுக்கு இந்த நோய்க்கென்றே அனுமதி கிடைத்தது. ரத்தத்தின் வெள்ளை அணுக்களை வெளியே எடுத்துப் புற ஊதா ஒளியில் காட்டித் திரும்ப ஏற்றும் ஃபோட்டோஃபெரிசிஸ் என்ற முறையும் இருக்கிறது. செலவுதான் மலைக்க வைக்கும். காப்பீடுகள் பெரும்பாலும் ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும் செலவைத்தான் பார்க்கின்றன. வருடக்கணக்கில் வீட்டில் சாப்பிடும் மாத்திரைக்கு நம் கையில் இருந்துதான் போகிறது. மருத்துவமனையின் சமூகப் பணியாளரைப் பார்த்து மருந்து உதவித் திட்டங்கள் ஏதாவது இருக்கிறதா என்று கேட்பதில் கூச்சமே வேண்டாம்.

டாக்ரோலிமஸ், சைக்ளோஸ்போரின் சாப்பிடுகிறவர்கள் ரத்தத்தில் மருந்தின் அளவு பார்க்கப் போகும் நாளில், ரத்தம் கொடுத்த பிறகுதான் காலை மாத்திரையைப் போட வேண்டும். முன்னாலேயே போட்டுவிட்டால் அளவு தப்பாகக் காட்டும். கிரேப்ஃப்ரூட், பம்ப்ளிமாஸ் மாதிரி பழங்கள் இந்த மருந்துகளின் அளவைத் தாறுமாறாக ஏற்றிவிடும் என்பதால் அவையும் வேண்டாம்.

'எதிர்ப்பு சக்தியைக் கூட்டும்' என்று பாட்டிலில் எழுதியிருக்கும் லேகியம், பொடி, கஷாயத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். அன்போடு வாங்கி வருகிறவர்களுக்குத் தெரியாது, இங்கே உடம்பைக் கடிப்பதே எதிர்ப்பு சக்திதான். டாக்டரைக் கேட்காமல் எதையும் கொடுக்காதீர்கள்.

வெயிலும் எதிரிதான். கடும் வெயில் தோலில் பட்டால் அடங்கிக் கிடக்கும் ஜி.வி.ஹெச்.டி மறுபடி கிளம்பலாம். முழுக்கை, குடை, சன் ஸ்கிரீன் மூன்றும் வேண்டும். 'முகமே கறுத்துப்போச்சே' என்று சொந்தக்காரர்கள் கேட்டால், பெரியம்மா இப்போதெல்லாம் "கலர் மாத்திட்டேன்" என்கிறார். தோல் கறுப்பதைவிட இறுகுவதைத்தான் கவனிக்க வேண்டும். கையைக் கும்பிட முடிகிறதா, உள்ளங்கைகள் முழுசாக ஒட்டுகின்றனவா என்று வாரம் ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.

பழைய தடுப்பூசிகளின் பாதுகாப்பெல்லாம் இந்த சிகிச்சையில் பெரும்பாலும் அழிந்துவிடுகிறது. அதனால் குழந்தைக்குப் போடுவதுபோல முதலிலிருந்து போட வேண்டும். பெரியம்மாவும் அவர் பேரனும் ஒரே வருடத்தில் தடுப்பூசி அட்டை வைத்திருந்தார்கள். அம்மை மாதிரி உயிருள்ள கிருமி கலந்த ஊசிகளை இரண்டு வருடம் ஆகும் முன்பும், ஜி.வி.ஹெச்.டி மருந்து ஓடும்போதும் போடக்கூடாது. வீட்டுக் குழந்தைக்குப் போலியோ சொட்டு கொடுப்பதாக இருந்தால் முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லுங்கள். அந்தக் கிருமி சில வாரங்கள் குழந்தையின் மலத்தில் வெளியேறும். பேரனுக்குக் கழுவிவிடும் வேலையைப் பெரியம்மாவிடமிருந்து அப்படித்தான் பறித்தோம். அவருக்கு அதில் வருத்தம். பேரன் கண்டுகொள்ளவில்லை.

கணக்கு நோட்டு

நுரையீரல் விஷயத்துக்குப் பிறகு பெரியப்பா ஒரு வேலை செய்தார். கடைக் கணக்கு நோட்டு ஒன்றை எடுத்து கண், வாய், தோல், மூச்சு, வயிறு, மூட்டு, எடை என்று பத்தி பிரித்தார். தினமும் ராத்திரி சாப்பாடு முடிந்ததும் பெரியம்மா ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண் சொல்ல வேண்டும். 0 என்றால் தொந்தரவே இல்லை. 3 என்றால் அன்றைய வேலை எதையும் செய்ய முடியவில்லை. மருத்துவர்களும் இந்த நோயை உறுப்புவாரியாக 0 முதல் 3 வரைதான் அளக்கிறார்கள் என்பது பெரியப்பாவுக்குத் தெரியாது. தற்செயலாகப் பொருந்திவிட்டது. செக்கப்புக்குப் போனால் "எப்படி இருக்கீங்க?" என்ற கேள்விக்கு "நல்லா இருக்கேன் டாக்டர்" என்று சொல்லிவிட்டு வருவதற்குப் பதிலாக நோட்டை நீட்டிவிடுகிறார்கள்.

'புலம்பல்' என்று நினைத்து வாயை மூடிக்கொண்டிருந்த பெரியம்மாவுக்கு, கணக்கு ஒப்பிப்பது சுலபமாக இருக்கிறது. "மூச்சு ஒண்ணு, கண்ணு ரெண்டு, வாயி ஒண்ணரை." ஒன்றரை எல்லாம் கிடையாது என்று பெரியப்பா சண்டை போடுவார்.

உங்கள் வீட்டில், தெருவில், ஆபீஸில் இப்படி ஒருவர் இருந்தால், 'எப்படி இருக்கீங்க'வுக்குப் பதிலாகக் கொஞ்சம் குறிப்பாகக் கேளுங்கள். மாடி ஏறும்போது மூச்சு வாங்குதா? இன்னிக்கு என்ன சாப்பிட முடிஞ்சுது? கண்ணு எரியுதா? இப்படிக் கேட்டால்தான் பதில் வரும்.

காய்ச்சல் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டால் பாராசிட்டமால் போட்டுவிட்டுக் காலைவரை காத்திருக்க வேண்டாம், ராத்திரியாக இருந்தாலும் கிளம்ப வேண்டும். ஸ்டீராய்டு சாப்பிடுகிறவர்களுக்குக் காய்ச்சல் இல்லாமலே கிருமித்தொற்று முற்றலாம் என்பதால், காரணமில்லாத குளிர் நடுக்கம், சோர்வு, குழப்பம் இவற்றையும் அதே அவசரத்தோடு பார்க்க வேண்டும். புதிதாக மூச்சு வாங்கினால், வறட்டு இருமல் இரண்டு வாரம் நீடித்தால், கண் சிவந்து பார்வை மங்கினால், விழுங்கும்போது தொண்டையில் அடைத்தால், ஒரு பக்கமாகக் கொப்புளம் வந்தால் (அக்கியாக இருக்கலாம்) அடுத்த செக்கப் தேதி வரட்டும் என்று இருக்காதீர்கள். வாயில் ஆறாத புண்ணோ தடிப்போ இருந்தால் காட்டிவிடுங்கள். இவர்களுக்கு வாய், தோல் புற்றுநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். வெற்றிலை பாக்கு, புகையிலை பழக்கம் இருந்தால் விட்டே ஆக வேண்டும்.

பெரியம்மாவின் ஊதும் பரிசோதனை கடந்த ஒரு வருடமாக 54, 55, 54 என்று அங்கேயே நிற்கிறது. ஏறவில்லை, இறங்கவும் இல்லை. ஸ்டீராய்டு 5 மில்லிகிராமுக்கு வந்திருக்கிறது. மாடிப்படியில் பாதியில் இப்போதும் நிற்கிறார். ஆனால் குனிந்து செருப்பைத் தேடுவதில்லை. பெரியப்பா அங்கே ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலைப் போட்டுவைத்திருக்கிறார்.

(அடுத்த வாரம்: ஸ்டெம் செல் தானம் கொடுத்தால் கொடுத்தவர் உடம்புக்கு என்ன ஆகும்? மாமாவிடமே கேட்டு எழுதுகிறேன்.)